நிமிர்ந்து நடந்த நேரம்

இஞ்ஞாசி கொழும்புக்குப் போய்வரும் தோணியில், மரத்தில் காற்றுப்பாய் ஏற்றுகிறவனாக இருந்தான். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் ஒருநாள் சரக்கு ஏற்றும்போது கயிறு நழுவி, வெங்காய மூட்டை ஒன்று அவனுடைய வலது இடுப்பில் வந்து விழுந்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு முறியவில்லை என்றார். அந்த ஒரு வார்த்தைதான் பிற்பாடு அவனுக்கு வினையாகிப் போனது. முறிந்திருந்தால் ஊர் நம்பியிருக்கும்.

வீக்கம் வடிந்தது. வலி வடியவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் காலை ஊன்ற முடியாது. கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும்போது அவன் மட்டும் பின்வாசல் ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். முக்காட்டுக்குள்ளிருந்து திரும்பிப் பார்க்கிற பெண்களுக்குப் பயந்து, பிறகு பிந்தின பூசைக்குப் போக ஆரம்பித்தான். அதற்கு ஆள் குறைவு.

வருஷங்கள் போயின. அவன் மனைவி ஹில்டா கம்பெனியில் இறால் உரிக்கப் போனாள். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல்நுனி வெளுத்துப்போய் அவள் திரும்பி வரும்போது, இஞ்ஞாசி சோறு பொங்கி வைத்திருப்பான். அவள் தட்டில் சோறு போடும்போது அவனால் அவள் கையைப் பார்க்க முடியாது.

ஹில்டாவின் அண்ணன் பர்னபாஸ்தான் அந்தத் தோணிக்குத் தண்டல். தோணியை நடத்துகிறவன், வாய் கொஞ்சம் நீளம். "எங்க மாப்ளைக்கு இடுப்புல ஒண்ணுமில்லடே, மனசுலதான் சோம்பல்" என்று டீக்கடையில் வைத்தே சொல்லுவான். அதைக் கேட்டுவிட்டு ஹில்டா அண்ணனோடு பேச்சை நிறுத்தியிருந்தாள்.

எழுபத்தெட்டில் மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒரு புது மெஷின் வந்தது. வெளிநாட்டிலிருந்து யாரோ கொடுத்தனுப்பியது. ரேடியோப் பெட்டியைவிடச் சின்னது. அதை வைத்து வைத்தியம் பார்க்க, சாயர்புரத்துக்காரரான கிருபாநிதி வந்திருந்தார். உடற்பயிற்சி வைத்தியம் படித்தவர். ஹில்டாதான் விசாரித்து வந்து இஞ்ஞாசியைத் தள்ளாத குறையாக அனுப்பினாள்.

"சாரத்தக் கொஞ்சம் இறக்குங்க அண்ணாச்சி" என்றார் கிருபாநிதி.

பக்கத்துக் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த நர்சம்மாவைப் பார்த்துவிட்டு இஞ்ஞாசி கைலி முடிச்சை இன்னும் இறுக்கிப் பிடித்தான். கிருபாநிதி எழுந்து திரையை இழுத்து விட்டார். இடுப்பில் குளுகுளுவென்று ஒரு பசையைத் தடவி, இரண்டு ரப்பர் வில்லைகளை வைத்து ஒட்டி, பெட்டியின் குமிழைத் திருகினார்.

"கரண்டா சார்? தூக்கி அடிக்காதே?"

"அடிக்காது. எறும்பு ஊருத மாதிரி இருக்கும். வலி போற பாதையில இது முந்திக்கிட்டுப் போயிரும். வலிக்கு வழி கிடைக்காது. ஆனா ஒண்ணு, இது நோவத் தீர்க்காது. கொஞ்ச நேரம் அமத்தி வைக்கும், அவ்வளவுதான்."

எறும்பு ஊர்ந்தது. பிறகு எறும்புகள் கூட்டமாக ஊர்ந்தன. எப்போது என்று தெரியவில்லை, இடுப்புக்குள் இத்தனை வருஷமாகக் குத்திக்கொண்டிருந்த ஊசி காணாமல் போயிருந்தது. எழுந்து நின்றான். இரண்டு காலிலும் நின்றான். அவனுக்குச் சிரிக்கத் தெரியாமல் கண் கலங்கியது.

அன்று வீட்டுக்கு நிமிர்ந்து நடந்து வந்தான். டீக்கடை முன்னால் பர்னபாஸ் நின்றிருந்தான். வாயைப் பிளந்து பார்த்தான்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் பர்னபாஸின் குரல். "ஏ மாப்ள, தோணி கெளம்புது. வாடே!"

இஞ்ஞாசியால் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. ராத்திரியோடு வலி திரும்ப வந்திருந்தது. சுவரைப் பிடித்து, கோணிக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்ந்தான். பர்னபாஸ் ஏற இறங்கப் பார்த்தான்.

"நேத்து தொர மாதிரி நடந்த. வேலைன்னு கூப்பிட்டா மட்டும் இடுப்பு கோணுதோ? ஏ, எல்லாரும் வந்து பாருங்கடே, நல்லா நடிக்கான்!"

எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. குடத்தோடு போன இரண்டு பெண்கள் நின்றுவிட்டுப் போனார்கள். கிருபாநிதி சொன்னதை அப்படியே எடுத்துச் சொல்லலாம் என்று இஞ்ஞாசி வாயைத் திறந்தான். கொஞ்ச நேரத்துக்கு மட்டும் போகிற வலி என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவனுக்கே அது பொய் மாதிரி கேட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அதன் பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போனான். அந்தச் சுகத்தை விட முடியவில்லை. ஆனால் திரும்பி வரும்போது உப்பு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கி வரைக்கும் நிமிர்ந்து நடப்பான். கிட்டங்கி முக்கு திரும்பினால் டீக்கடை தெரியும். அங்கே வந்ததும் வலது காலை இழுப்பான், தோளைச் சாய்ப்பான், முகத்தைச் சுளிப்பான். ஆறு வருஷம் பழகின வலி, அதன் நடை அவனுக்குத் தெரியாதா? உண்மையில் வலித்தபோதுகூட அவன் அத்தனை சுத்தமாக நொண்டியதில்லை. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு கூசும். அப்படியும் இழுத்தான்.

ஒருநாள் கம்பெனியில் இறால் வரத்து இல்லை என்று ஹில்டாவைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அவனுக்குக் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தாள். புருஷன் வாலிபத்தில் நடந்த மாதிரி நடக்கிறானே என்று கூப்பிடாமல், பார்த்துக்கொண்டே வந்தாள். கிட்டங்கி முக்கில் அவன் கால் இழுக்கத் தொடங்கியதையும் பார்த்தாள்.

வீட்டுக்குள் வந்தவள் சாப்பாட்டு வாளியை வைக்கவில்லை. "எதுக்கு அப்படி நடிக்கிய?"

இஞ்ஞாசி சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டான்.

"உங்களுக்காகத்தான நான் எங்க அண்ணங்கூடப் பேசாம இருக்கேன்? கம்பெனில ஒருத்தி ஒரு சொல்லு சொன்னா முடியப் பிடிச்சிருக்கேனே... இத்தன நாளும் இப்படித்தானா?"

"இல்ல ஹில்டா. மாதா மேல சத்தியமா இல்ல." அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "வலி உள்ளதுதான். கரண்டு வச்சா ரெண்டு மூணு மணி நேரம் இருக்காது. அந்த நேரத்துல நிமிந்து நடந்தா, மத்த நேரம் வலிக்குன்னு சொல்லுதத எவனும் நம்பமாட்டான். அதான்... வலிக்காதப்பவும் வலிக்க மாதிரி..."

பர்னபாஸ் தெருவில் வைத்துக் கத்தினதுகூட இத்தனை கேவலமாக இல்லை.

ஹில்டா சாப்பாட்டு வாளியைக் கீழே வைத்தாள். பிறகு, வெளுத்த விரல்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ராத்திரி நீங்க புரண்டு படுக்க முடியாம முனங்குதது எனக்குத் தெரியும். எங்க அண்ணனுக்குத் தெரியாது. அவன் நம்பணும்னு இந்தப் பாடு பட்டியளாக்கும்."

அவள் அடுப்படிக்குப் போனாள். அன்று இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது, கிட்டங்கி முக்கில் கால் தானாக இழுக்கப் போனது. அதை ஊன்றி வைத்தான். டீக்கடையைக் கடக்கும்வரை முதுகில் வேர்த்துக் கொட்டியது. "பாருடே, இன்னிக்கு நல்ல இடுப்பு!" என்றான் பர்னபாஸ். சிரிப்புச் சத்தம் கேட்டது. இஞ்ஞாசி தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் நடையை மாற்றவில்லை. சாயங்காலம் வலி திரும்பினபின், அதே கடைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தான். அப்போதும் சிரித்தார்கள்.

பிறகு தோணிப் பாய் தைக்கிற ஒரு கொட்டகையில் அவனுக்கு வேலை கிடைத்தது. கரண்டு வைத்துவிட்டு வந்து, வலி திரும்பும்வரை உட்கார்ந்து தைப்பான். பகலில் நேராக வருகிறவன் பொழுது சாயக் கோணிக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து ஊருக்கும் பழகிப்போனது. பர்னபாஸ் கடைசிவரை நம்பினானா என்று தெரியாது. கேலி மட்டும் மெல்லக் குறைந்தது. யாரோ 'கரண்டு இஞ்ஞாசி' என்று பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்தது. அப்படிக் கூப்பிட்டால் அவனுக்கு இன்னமும் காது சிவக்கும். என்றாலும் திரும்பி, "என்னடே?" என்று கேட்பான்.