விக்கல் எடுத்த கம்ப்யூட்டரும் என் சித்தியும்

இந்த உலகத்தில் மின்சாரம் ஓடுவதே, போனால் போகிறது என்று என் சித்தி விட்டுவைத்திருப்பதால்தான். மின்னல்கூட அவள் கடைப் பக்கம் எட்டிப் பார்த்து, "இறங்கட்டுமா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கும். சூரியன் ஒருநாள் அணைந்துபோகும் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருந்தது. நான் கவலைப்படவில்லை. கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தால் சித்தி பார்த்துக்கொள்வாள். பாடப்புத்தகத்தில் நான் கடைசியாகப் படித்த பக்கமும் அதுதான்.

சித்தி என் அம்மாவின் தங்கை. ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் அவள் கடை. பள்ளி இல்லாத நாளில் நானும் அங்கேதான். கூரை சரிந்து இறங்குவதால், உயரமான ஆட்கள் எல்லோரும் கும்பிடு போட்டபடியே உள்ளே வருவார்கள். பழைய கம்ப்யூட்டர்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டிகளைச் சரிசெய்வதுதான் அவள் தொழில். புதுசை ஏன் தொடுவதில்லை என்று கேட்டால், "அதுல ஸ்குரூவே இல்லை. திறக்க முடியாததை நான் நம்பமாட்டேன்" என்பாள்.

முன்பு ஓர் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மெஷின் அடிக்கடி படுத்துக்கொள்ளும். மெக்கானிக் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஒருநாள் தானே திறந்தாள். ஷாக் அடித்தது. "அது என்னைத் தொட்டுச்சு, நான் அதை விடல" என்று, காதல் கல்யாணம் செய்துகொண்டவள் மாதிரி சொல்வாள். நிஜமாகவே அவளைக் கல்யாணம் செய்துகொண்ட சித்தப்பா, வீட்டில் மின்விசிறி போடக்கூட, "தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார்.

கோளாறுகளுக்கு அவள் வைத்திருக்கும் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒன்றும் பேசாமல் கிடந்தால் முறைப்பு. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு விழுந்தால் மூர்ச்சை. டிக், டிக் என்று எழப் பார்த்து எழ முடியாமல் தவித்தால் விக்கல்.

அன்றைக்கு வந்தது விக்கல்.

கொண்டுவந்தவர் ஒரு டாக்சிக்காரர். தூங்குகிற குழந்தையைப் போல அந்தக் கம்ப்யூட்டரை அணைத்துப் பிடித்திருந்தார்.

"வேற கடையில இதைத் தூக்கிப் போடச் சொல்லிட்டாங்கக்கா. எங்கப்பா என்னை வேணா தூக்கிப் போடுவார், இதைப் போட விடமாட்டார்."

அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. ஒரு கைதான் வேலை செய்கிறது. அந்தக் கையால் தினமும் இந்தக் கம்ப்யூட்டரோடு சதுரங்கம் ஆடுவார், தினமும் தோற்பார். போன வாரம் முதல்முறையாக அதன் ராணியை வெட்டினார். ஆட்டத்தை ஃபிளாப்பியில் ஏற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து போட்டால் எழவில்லை.

"அன்னியிலேர்ந்து சுவத்தையே பார்த்து உட்கார்ந்திருக்கார். போன்ல செஸ் போட்டுக் கொடுத்தேன், கவுத்து வெச்சுட்டார். அந்தக் கையைக்கூட இப்ப தூக்க மாட்டேங்கிறார்க்கா. இப்படியே விட்டா அதுவும் போயிடும்னு டாக்டர் சொல்றார்."

சித்தி கம்ப்யூட்டரை ஒரு தட்டுத் தட்டினாள். "இங்கயே உட்காருங்க. சாயங்காலம் அப்பா ஆடுவார்."

பக்கத்துக் கடையில் சாவி போடுகிறவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பார்க்காமலே சொல்ற?"

"பார்த்துட்டு எல்லாரும் சொல்வாங்கண்ணே."

பவர் சப்ளைப் பெட்டியை வெளியே எடுத்து மூடியைக் கழற்றினாள். ஒரு கம்பியை உள்ளே இரண்டு இடங்களில் வைத்து எடுத்துவிட்டு, மீட்டரை எடுக்கத் திரும்பினாள். அந்த இடைவெளியில் நான் ஒரு ரப்பர் பல்லியை உள்ளே படுக்க வைத்தேன். தலையை நீட்டிய சாவிக்காரர் அலறினார். சித்தி அலறவில்லை. இடுக்கியால் பல்லியைத் தூக்கி, மீட்டரின் இரண்டு முனையையும் அதன் வயிற்றில் வைத்துப் பார்த்தாள்.

"கரண்ட் போகல. நல்ல பல்லி." அதைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "ஏண்டி, உள்ள மிச்சமிருந்த கரண்டை நான் முதல்லயே இறக்கிட்டேன். இல்லேன்னா அண்ணனுக்கு முன்னாடி நீ கத்தியிருப்பே."

உள்ளே இரண்டு கெப்பாசிட்டர்கள், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சின்ன டப்பாக்கள், தலை உப்பிக் கிடந்தன. "இதோ இருக்கானுங்க" என்று கழற்றிப் புதிதாகப் பற்றவைத்தாள். பெட்டியை மாட்டி, ஸ்விட்சைப் போட்டாள்.

டிக். டிக். டிக்.

டாக்சிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சித்தியின் ஒரு புருவம் மட்டும் ஏறியது. மறுபடியும் கழற்றி ஒவ்வொரு பாகமாக மீட்டரை வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. மாட்டினாள். டிக், டிக்.

"விடாம விக்குதே, யாரோ நினைக்கிறாங்க போல" என்றார் சாவிக்காரர்.

நான் சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை. "அண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்க."

"யாரோ நினைக்கிறாங்கன்னேன்."

"அதேதான். நினைக்கிறவன் வெளியில இருக்கான். நான் விக்கிறவன் வயித்தைக் கிழிச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன்." டாக்சிக்காரரிடம் திரும்பினாள். "தம்பி, வண்டியில ஹெட்லைட் பல்பு உபரியா இருக்கா?"

அவர் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். சித்தி கம்ப்யூட்டரிலிருந்து பெட்டியைப் பிரித்து, அதன் ஒயரில் பல்பை மாட்டினாள். "சுமக்க எதுவும் இல்லேன்னாலும் இது விக்கும். அந்தக் கடையில சும்மா வெச்சுப் பார்த்திருப்பாங்க, செத்துடுச்சுன்னுட்டாங்க."

ஸ்விட்சைப் போட்டதும் பல்பு ஆடாமல் அசையாமல் எரிந்தது. படிக்கட்டின் அடிப்பக்கத்து ஒட்டடையெல்லாம் தெரிந்தது.

"பெட்டி யோக்கியன்" என்றாள். அப்புறம் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் மீட்டரை வைத்து வரிசையாகத் தேடிக்கொண்டு போனாள். மஞ்சள் முத்து மாதிரி ஒரு குட்டிக் கெப்பாசிட்டரில் மீட்டர் கீச்சென்று கத்தியது. உள்ளுக்குள் ஒட்டிப்போய், வருகிற மின்சாரத்தையெல்லாம் அது ஒன்றே குடித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் பெட்டி பயந்து பயந்து நின்றிருக்கிறது. சித்தி அதைக் கழற்றிவிட்டு இன்னொன்றை வைத்தாள்.

இந்த முறை டிக் இல்லை. உள்ளே விசிறி சுற்றியது, திரை விழித்துக்கொண்டது. ஃபிளாப்பியைப் போட்டதும் ஆட்டம் விட்ட இடத்திலேயே வந்தது. எதிரிக்கு ராணி இல்லை.

"கொஞ்ச நேரம் ஓடட்டும். பார்த்துக்கோடி" என்று சொல்லிவிட்டு, சித்தப்பா கொண்டுவந்திருந்த சாப்பாட்டைத் திறந்தாள். டாக்சிக்காரரும் சாப்பிடப் போனார்.

நான் பார்த்துக்கொண்டேன். கூடவே இன்னொரு காரியமும் செய்தேன். எதிரியின் பலம் ஐந்து என்று இருந்தது. அதை ஒன்று ஆக்கி, ஃபிளாப்பியில் மறுபடி ஏற்றி வைத்தேன். ஐந்தில் வைத்தால் ராணி இல்லாமலே அது கிழவரை உருட்டிவிடும் என்று எனக்குப் பட்டது. இனிமேலும் ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டுமா?

சாயங்காலம் நாங்களே டாக்சியில் போய்க் கொடுத்தோம். இரண்டாவது மாடி. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்திருந்தார். சித்தி மேஜைமேல் எல்லாவற்றையும் மாட்டினாள். விசிறி சுற்றும் சத்தம் கேட்டதும் அவர் தலை திரும்பியது. கை கொஞ்ச நேரம் கழித்துத்தான் மடியிலிருந்து எழுந்தது. யானையை நகர்த்தினார். கம்ப்யூட்டர் யோசித்தது. குதிரையை வெட்டினார். அது ரொம்ப நேரம் யோசித்தது. மகன் நின்றபடியே நகத்தைக் கடித்தார். நான் மட்டும் கவலையில்லாமல் ஜன்னலில் சாய்ந்து வேடிக்கை பார்த்தேன்.

கடைசியில் எதிரியின் ராஜாவுக்குப் போக இடமில்லை. கிழவர் அந்தக் கையால் மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். கீபோர்டு துள்ளியது. மகன் உள்ளறைக்குப் போய் மூக்கைச் சிந்துவது கேட்டது. கிழவர் ஏற்கெனவே அடுத்த ஆட்டத்தைத் தொடங்கியிருந்தார்.

படி இறங்கும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊமைச் சிரிப்பு வேறு.

"நல்லா ஆடினார் இல்ல சித்தி?"

"ஆமா. அஞ்சுலயே ஜெயிச்சுட்டார்."

நான் நின்றுவிட்டேன்.

"கை கழுவிட்டு வந்து பார்த்தேன், ஒண்ணுன்னு இருந்துச்சு. திரும்ப அஞ்சு ஆக்கிட்டேன். அத்தனை வருஷம் அதோட ஆடின மனுஷனுக்கு ரெண்டே நகர்த்தல்ல தெரிஞ்சிருக்கும்டி. அப்புறம் அந்தக் கை எழுந்திருக்கவே எழுந்திருக்காது."

"அது... சும்மா ஒரு குறும்பு சித்தி."

"குறும்பு பண்ணினா இந்நேரம் ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பே. இதைப் பத்தி வாயே திறக்கல நீ."

சட்டைப் பையில் கையை விட்டேன். கொழகொழவென்று ஏதோ விரலில் சுருண்டது. படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி அலறினேன்.

"நல்ல பல்லி" என்று சொல்லிவிட்டு, சித்தி திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.