இரண்டு வேகனுக்கு நடுவே

ரயில்வேயில் என் வேலைக்குப் பெயர் பாயிண்ட்ஸ்மேன். பெண்ணுக்கு என்ன மேன் என்று சேர்ந்த புதிதில் ஒருவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பாவம், ஆர்டரைக் கையில் கொடுக்க வந்தவர். அப்புறம் எனக்கே சலித்துவிட்டது. என் வீட்டுக்காரர் பார்த்த வேலை இது. அவர் பணியில் இருக்கும்போதே போய்விட்டதால் எனக்குக் கொடுத்தார்கள். கீழக்குயில்குடியிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பினால், ஊரைச் சுற்றிக்கொண்டு கூட்ஸ் ஷெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் முகத்தில் பவுடருக்கு மேல் இன்னொரு பவுடர் படிந்திருக்கும். அங்கே இறங்குவது சிமென்ட், உரம், அரிசி.

எங்கள் ஷெட்டில் லைன் குட்டை, வருகிற கூட்ஸ் வண்டி நீளம். அதனால் எந்த வண்டி வந்தாலும் நடுவில் வெட்டி, பாதியை ஒரு லைனிலும் மீதியை இன்னொரு லைனிலும் நிறுத்துவோம். சரக்கு இறங்கியதும் மறுபடி ஒட்டுவோம். வெட்டுவது, ஒட்டுவது என்றுதான் எங்கள் பேச்சு. வீட்டுக்கு வந்தும் அதே வாயில் பேசி என் மகளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

வேகனும் வேகனும் பிடித்துக்கொண்டு நிற்பது கப்ளரில். மடக்கிய கைவிரல் மாதிரி கனத்த இரும்பு. வெட்ட வேண்டுமென்றால் வேகன் ஓரத்தில் உள்ள கைப்பிடியைத் தூக்கினால் போதும், பிடி விட்டுவிடும். ஒட்டும்போது இரண்டில் ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். மெதுவாக வந்து முட்டினால் உள்ளே பூட்டு 'டக்' என்று விழும். இதற்கெல்லாம் யாரும் நடுவில் நுழைய வேண்டியதில்லை. நுழைய வைப்பது ஹோஸ்தான். என்ஜினிலிருந்து கடைசி வேகன் வரைக்கும் பிரேக்குக்குக் காற்று போகிற குழாய், வேகனுக்கு வேகன் ரப்பர் ஹோஸாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றவும் மாட்டவும் ஒரு ஆள் குனிந்து உள்ளே போய்த்தான் ஆக வேண்டும்.

ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. வெளியே நிற்பவர் கையில் வாக்கிடாக்கி. அவர் சொன்னால்தான் என்ஜினில் இருக்கிற பைலட் வண்டியை அசைப்பார். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. போகிறவர் "உள்ள" என்று சத்தம் கொடுப்பார். வெளியே நிற்பவர் அதே சொல்லைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் தலையைக் குனிவார். வேலை முடிந்து வந்ததும் "வெளிய". அதுவும் திரும்பி வர வேண்டும். வராமல் நின்ற இடத்தைவிட்டு ஒரு அடி நகரக் கூடாது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானும் என் ஜோடியும் வைத்துக்கொண்டது.

ஜோடி என்று நான் சொல்வது என்கூட வேலை பார்த்தவரை. நெசவுக் குடும்பம். வீட்டில் சௌராஷ்ட்ர பாஷை, வெளியே எங்களைவிடச் சுத்தமான மதுரைத் தமிழ். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார். எனக்கு வாய் நீளம். அவரோ நாலு வார்த்தை கேட்டால் ஒன்று சொல்கிற ஆள். வேலையில் சேர்ந்த நாளில் மற்றவர்கள் எல்லாம் இந்தப் பொம்பளையோடு எப்படி ஜோடி சேர்வது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, இவர்தான் வந்து என் பக்கத்தில் நின்றார். நின்றார், அவ்வளவுதான். அதை நான் மறந்ததில்லை.

அப்போதிருந்தே எனக்கு ஒரு தீராத சண்டை கையுறையோடு. ரயில்வே கொடுப்பது எல்லாம் பயில்வான்களுக்குத் தைத்தது. என் கை அதற்குள் நீச்சல் அடிக்கும். சின்ன சைஸ் கேட்டால், வரும்போது தருகிறோம் என்பார்கள். வரவே வராது.

அந்தக் கையுறைதான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. ஒரு நாள் உர வண்டி. ஹோஸை மாட்டி முடித்து நிமிரப் போனேன். கையுறை நழுவித் தண்டவாளத்துக்கு நடுவில் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். நான் வாயையே திறக்கவில்லை. வெளியிலிருந்து அவர் குரல் வந்தது, "வெளிய" என்று. வாக்கிடாக்கியை அமுக்குகிற சத்தமும் கேட்டது.

நான் போட்ட கூச்சலில் லோடுமேன்கள் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பைலட் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாராம், அதனால் வண்டி அசையவில்லை. நான் வெளியே வந்து அண்ணனைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. அவர் முகம் வெளுத்துப்போய் நின்றார். டியூட்டிக்குச் சட்டைமேல் போடுகிற என் ஆரஞ்சு ஜாக்கெட் அசைந்ததைப் பார்த்து நான் வந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதமாக அவர் என் குரலைக் கேட்டுப் பதில் சொல்லவில்லை. என் ஜாக்கெட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காதில் ஏதோ அடைப்பு, சரியாகிவிடும் என்றார். மறுநாளும் அதையே சொன்னார். மூன்றாவது தடவை சொன்னபோது கண்ணில் தண்ணீர். டாக்டரைப் பாருங்கள் என்றேன். பார்த்தாகிவிட்டது, ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது, இன்னொன்றும் போய்க்கொண்டிருக்கிறது என்றார். ஆபீஸுக்குத் தெரிந்தால் யார்டைவிட்டுத் தூக்கிவிடுவார்கள், எங்காவது ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் காலம் இருக்கிறது, அதுவரைக்குமாவது விடு என்று கேட்டார். அவர் தெருவில் எல்லோருக்கும் உட்கார்ந்த வேலை, தறியோ கடையோ கணக்கோ. அந்தக் குடும்பத்திலேயே நின்று, நடந்து, ஓடி வேலை பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். அதில் அவருக்கு அம்புட்டுப் பெருமை. பூட்டு விழுகிற 'டக்' எனக்குக் கேட்காது தங்கச்சி, வேகனில் கையை வைத்தால் தெரியும் என்றார்.

வழி சொன்னதும் அவர்தான். இனி உள்ளே போவதெல்லாம் நான், வெளியே நிற்பதெல்லாம் நீ. உன் காது நன்றாகக் கேட்கிறது, அப்புறம் யாருக்கு என்ன ஆபத்து என்றார். கேட்டபோது சரியாகத்தான் பட்டது. எனக்கும் உள்ளூர ஒரு நிம்மதி, இனி நான் நடுவில் போக வேண்டாமே என்று. சரி என்றேன்.

கொஞ்ச காலம் நன்றாகவே ஓடியது. அவர் "உள்ள" என்பார், நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். "வெளிய" என்பார், மறுபடி கையைத் தூக்குவேன். எங்கள் வழக்கத்தில் என் பக்கத்துச் சொல் போய்விட்டது. அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் அவர் முகம் தெளிந்திருந்தது. ஜல்லிக்கட்டு முடிந்து திரும்பிய அலங்காநல்லூர் லோடுமேன்கள் மாட்டைப் பற்றி ஓயாமல் அளப்பதை, காது கேட்கிற ஆள் மாதிரியே தலையாட்டிக்கொண்டு நிற்பார். எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

ஹோஸ் கழற்றுவதில் ஒரு முறை உண்டு. முதலில் இரண்டு வேகனின் காற்று வால்வையும் மூட வேண்டும். மூடினால் நடுவில் ஹோஸுக்குள் மாட்டிக்கொண்ட காற்று, வால்வில் உள்ள சின்னத் துளை வழியாக 'புஸ்' என்று போய்விடும். அந்தச் சத்தம் வந்து அடங்கிய பிறகுதான் ஹோஸில் கை வைக்க வேண்டும். காற்றோடு கழற்றினால் ஹோஸின் இரும்புத் தலை துள்ளி அடிக்கும். நாங்கள் அந்தப் 'புஸ்'ஸை யோசித்துக் கேட்பதில்லை. சோறு வேகிற வாசனை மாதிரி, தானாகத் தெரியும்.

அன்றைக்கு வந்தது சிமென்ட் வண்டி. வழியில் மழை. துளைகளில் சிமென்ட் தூசி போய் இறுகியிருந்தது. அவர் வால்வுகளை மூடினார், வழக்கம்போல் கொஞ்ச நேரம் நின்றார், ஹோஸைக் கழற்றக் கையைக் கொண்டுபோனார். 'புஸ்' வரவில்லை என்பது வெளியே நின்ற எனக்குத் தெரிந்தது. "அண்ணே, கை வைக்காதீங்க" என்று கத்தினேன். யாரிடம் கத்துகிறேன் என்பது கத்தி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஹோஸின் தலை துள்ளி அடித்ததில் அவர் தாடை கிழிந்து, இரண்டு பல் போயிற்று. கண்ணில் பட்டிருந்தால் என்னாகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஆஸ்பத்திரியில் தையல் போட்ட வாயோடு என் கையைப் பிடித்துக்கொண்டு குளறிக் குளறிச் சொன்னார்.

"ஹோஸ் அடிச்சிருச்சுன்னு மட்டும் சொல்லு தங்கச்சி. காதப் பத்தி வாயத் தெறக்காத."

நான் தலையாட்டினேன். முடியாது என்பதற்கு ஆட்டினேனா, சரி என்பதற்கு ஆட்டினேனா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவர் சரி என்றே எடுத்துக்கொண்டார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. ஆனால் விவரமானவர். துளை அடைத்திருந்தால் சத்தம் வந்திருக்காதே, சத்தம் வராமலே எப்படிக் கை வைத்தார் என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அஜாக்கிரதை என்று எழுதி அண்ணன் தலையில் கட்டிவிடுவார்கள். இத்தனை வருஷம் ஒரு குறை இல்லாமல் வேலை பார்த்த மனுஷனுக்கு அந்தப் பெயர். வாயைத் திறந்தால் அவருக்கு யார்ட் வேலை போய்விடும். இரண்டில் எது வந்தாலும் அடி அவருக்குத்தான்.

"அவருக்குக் காது கேக்காது சார்" என்றேன்.

அவருக்காகத்தான் சொன்னேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாதி உண்மை. அவர் மறுபடி உள்ளே போய், இந்தத் தடவை கண்ணைக் கொடுத்துவிட்டு வருவாரோ என்ற பயமும் இருந்தது. லீவில் நான் இல்லாத நாளில் இன்னொரு அப்பாவி அவரோடு ஜோடி சேர்ந்தால் என்ற பயமும் இருந்தது. அந்த அதிகாரி இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் செய்தது சரி என்று தெரிந்தால் வருத்தம் குறையும் என்று யாரோ என் தலையில் ஏற்றி வைத்திருந்தார்கள். அது சுத்தப் பொய்.

அவர் பயந்தபடியேதான் ஆயிற்று. டவுனில் ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலி, மேஜை, அலமாரி. கொடி, ரெயின்கோட், பூட்ஸ் எடுத்துக் கொடுக்கிற வேலை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தடவை ஸ்டேஷன் வாசலில் அவர் முதுகைப் பார்த்துவிட்டு "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் போனேன். திரும்பாமல் பஸ் ஏறிவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்துவிட்டேன். என் கோபம் எனக்கு நல்ல துணை, ரொம்ப நாள் கூடவே இருந்தது.

இப்போது எனக்கு ஜோடி ஒரு சின்ன வயதுக்காரர். காது பாம்புக் காது. அதில் எப்போதும் ஒரு இயர்போன் செருகியிருக்கும். முதல் நாளே அதைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டியூட்டி முடிந்தால்தான் கொடுப்பேன். "உள்ள" என்றால் "உள்ள" என்கிறார், "வெளிய" என்றால் "வெளிய" என்கிறார். குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் குரலில் எனக்கு நிம்மதி வரவில்லை.

போன மாதம் என் கையுறை கிழிந்துவிட்டது. ஸ்டோருக்கு யாரையாவது அனுப்பியிருக்கலாம். நானே போனேன். ஜன்னலில் அவர். தாடையில் தழும்பு, காதில் மெஷின். என்னைப் பார்த்தார். என் உதட்டைப் பார்த்தார் என்பதுதான் சரி. கிழிந்ததை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் முன்னால் அடுக்கியிருந்த கையுறைகளில் கை வைக்கவில்லை. எழுந்து, கடைசி அலமாரியின் அடித்தட்டில் குனிந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு ஜோடியை எடுத்து வந்து வைத்தார். சின்ன சைஸ். எப்போதோ வந்ததை எனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார். காகிதத்தில் நல்ல தூசி.

மாட்டிப் பார்த்தேன். விரல் நுனி வரைக்கும் கச்சிதமாக இருந்தது.

"மெஷினு பரவால்லயாண்ணே?" என்று கேட்டேன்.

"ஆள் எதுக்க நின்னு பேசுனா தெரியுது. பின்னாடி இருந்து கூப்பிட்டா ஒண்ணுந் தெரியாது" என்றார்.

அந்த ஸ்டேஷன் வாசல் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் கோபத்தில் திரும்பவில்லையா, காது கேட்காமல் திரும்பவில்லையா? இத்தனை காலம் நான் ஒரு பதிலை முடிவு செய்து வைத்துக்கொண்டு அதன் மேல் கோபப்பட்டிருக்கிறேன். கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். பின்னால் ஒரு ஆள் பூட்ஸுக்கு நின்றார். வாரேண்ணே என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, அலமாரிப் பக்கம் திரும்பி அந்த ஆளுக்கு பூட்ஸ் தேட ஆரம்பித்தார்.

வாசலைத் தாண்டியதும், கையில் கையுறை இருந்த பழக்கமோ என்னவோ, என்னையறியாமல் "வெளிய" என்று சத்தம் கொடுத்துவிட்டேன். பூட்ஸுக்கு நின்றவர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரிக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

சொல் திரும்பி வராமல் நகரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்த வாசலில் நான் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.