‘கலர் ஏத்து’ என்றால் என்ன அர்த்தம்?

சிவகாசி அச்சகத்தில் பிளேட் போடுவதற்கு முன் படங்களைத் திருத்தும் வேலை எனக்கு. சேர்ந்த முதல் வாரமே கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் ஆர்டர் வந்தது. படத்தில் மத்தாப்பு பிடித்து நிற்பவள் செல்வி. பக்கத்து ஊரான எம். புதுப்பட்டிப் பெண். அவள் அம்மா பேச்சியம்மாள் அதே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள் என்பதால், “நம்ம புள்ளையவே போடுவோம்” என்று கம்பெனி முதலாளி அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

அவரே அச்சகத்துக்கு வந்து என் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தம்பி, புள்ளைக்குக் கொஞ்சம் கலர் ஏத்துங்க.”

தொழில் பாஷை என்று நினைத்து மஞ்சள் மையையும் மெஜந்தா என்கிற ஊதாச் சிவப்பு மையையும் கூட்டினேன்.

“ஏலே, இன்னும்ல கறுத்துப் போச்சு! கலராக்குன்னா தெரியாதா? வெளுப்பாக்குலே!”

கலர் ஏற்ற வேண்டுமென்றால் அச்சுக்குரிய நான்கு மையையும் குறைக்க வேண்டும். இதுதான் எங்கள் ஊர்க் கணக்கு.

“அண்ணாச்சி, அந்தப் புள்ளையோட நிறமே அதுதான?”

“காலேஜுல போயி இதத்தான் படிச்சிட்டு வந்தியாக்கும்! சொன்னதச் செய்.”

காலேஜில் படித்தது இதைத்தான். கலர் போட்டோவின் தொடக்க காலத்தில், ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் வழியே மூன்று முறை எடுத்துச் சேர்த்தார்கள். நாங்கள் இன்று நிறம் பிரித்துப் பிளேட் போடுவதும் அந்த வழிதான். பிறகு கலர் ஃபிலிம் வந்தது. வெளிநாட்டு லேப்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்துக்கொண்டு, அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்றார்கள். கறுத்தவர்கள் படத்தில் கண்ணும் பல்லுமாக மட்டும் தெரிந்தார்கள். ஃபிலிம் கம்பெனிகளுக்கு அது குறையாகவே படவில்லை. சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் விற்கிறவர்களும் “எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் விழவில்லை” என்று சண்டை போட்ட பிறகுதான் ஃபிலிமை மாற்றினார்களாம். மேசைக்குக் கிடைத்த மரியாதை மனுஷனுக்குக் கிடைக்கவில்லை! படித்த அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சொன்னபடி முகத்தை வெளுப்பாக்கி, மாதிரிக்கு ஒரு தாள் புரூஃப் எடுத்துக்கொண்டு பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். பேச்சியம்மாள் ஆசையாகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

“இது யாரு தம்பி? தோடு மட்டும் எம் மக தோடு மாதிரி இருக்கு.”

எனக்குத் தாங்கவில்லை; பக்கத்தில் நின்ற முதலாளியிடம் சொன்னேன். “அண்ணாச்சி, பெத்தவகளுக்கே அடையாளம் தெரியல.”

“பெத்தவளா பெட்டி வாங்கப் போறா?” என்றபடி புரூஃபை வாங்கியவர் முகம் சுளித்தார். “ஆமா, மத்தாப்பு ஏன் செத்துக் கெடக்கு? எரியுற மாதிரியே இல்லையே.”

வெளுத்த கன்னத்தில் வெளிச்சம் விழுந்த இடமே தெரியவில்லை. திருத்தாத படத்தையும் புரூஃப் எடுத்துப் பைக்குள் வைத்திருந்தேன். அதைப் பக்கத்தில் நீட்டினேன். செல்வியின் கறுத்த கன்னத்தில் தங்கமாக மினுங்கியது நெருப்பு.

“இதுலதாம்லே எரியுது! இதையே அடி.”

“இதுதான் எம் மக” என்று பேச்சியம்மாள் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் மகளுக்காக அல்ல, மத்தாப்புக்காகத்தான் அந்த முகம் திரும்பி வந்தது. மறுபடியும் அதே சாக்லேட் கதை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். யாராவது “கலர் ஏத்து” என்றால் உடனே மவுஸைத் தொடாதீர்கள். நான் இப்போதெல்லாம் முதலில் கேட்டுவிடுகிறேன்: “மையைக் கூட்டவா, ஆளைக் குறைக்கவா?”