கடைசி பஸ்ஸைக் கைவிட அம்மாள் தந்த துணிவு

அம்மாளின் அடியார்களே, இதை என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

போன வருடம் ஆனி மாதம், நயினாதீவு அம்மாளின் எட்டாம் நாள் திருவிழா. பின்னேரம் ஐந்து மணி இருக்கும். புங்குடுதீவுத் தாம்போதியில் பஸ் ஓடுகிறது. கடலுக்கு நடுவே போட்ட ஒடுங்கிய பாதை, இரண்டு பக்கமும் கடல். உள்ளே நிற்கக்கூட இடமில்லாமல் சனம். ஸ்ரியறிங் என் கையில். அந்த நேரம் பாதை எனக்கு இரண்டாகத் தெரிந்தது.

எது உண்மையான பாதை என்று தெரியவில்லை. வியர்வை ஊற்றியது. பிறேக்கை மிதித்தேன், கால் என்னுடையது போலவே இல்லை. எப்படியோ பஸ் நின்றது. முன் சில்லுக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை என்று பிறகுதான் கண்டேன்.

நான் யார் என்று சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். பஸ் கழுவ வந்தேன். கொண்டக்டர் ஆனேன். சாரதி ஆனேன். கடைசியில் அதே பாதையில் சொந்த பஸ் விட்டேன். ஒருவரும் கைதூக்கி விடவில்லை. குறிகட்டுவானில் இருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் உள்ள பள்ளம் திட்டி எல்லாம் எனக்கு மனப்பாடம். படித்தவர்கள் பலர் என் பஸ்ஸில் ஏறித்தான் உத்தியோகத்துக்குப் போனார்கள். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லலாம்.

எங்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு வழக்கம் உண்டு. நெடுந்தீவுப் படகு வராமல் கடைசி பஸ் வெளிக்கிடாது. கடல் பொல்லாததென்றால் படகு ஒரு மணித்தியாலம்கூடப் பிந்தும். கடைசி பஸ் ஓட்டுகிற நான் காத்து நிற்பேன். சட்டம் இல்லை, சம்பளமும் இல்லை. ஆனாலும் இத்தனை வருடத்தில் ஒரு சனத்தையும் நான் துறையில் விட்டுவிட்டு வந்ததில்லை.

எனக்கு ஏழெட்டு வருடமாக நீரிழிவு. குளிசை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ஆனால் அம்மாளின் திருவிழா நாட்கள் முழுக்க நான் விரதம். பொழுதுபட்ட பிறகு ஒரு நேரச் சாப்பாடு மட்டும். குளிசையை விட்டால் சீனி வருத்தம் கூடும், விரதத்தை விட்டால் அம்மாள் கோபிப்பா என்று பயந்து இரண்டையும் பிடித்துக்கொண்டேன். வெறும் வயிற்றில் குளிசை. அதோடு படகும் பிந்தினால் என்ன ஆகும்? சீனி இறங்கிப் போகும், தாம்போதியில் ஆனதுதான் ஆகும்.

அன்றைக்குத் தாம்போதியில் எனக்குப் பின் சீற்றில் நெடுந்தீவில் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் இருந்தார். எழும்பி வந்தார்.

“அண்ணை, என்ன நடுவழியில நிப்பாட்டிப்போட்டியள்?”

“எஞ்சின் சூடு, ரீச்சர்.”

“எஞ்சினுக்கோ உங்களுக்கோ? சேட்டெல்லாம் நனைஞ்சு கிடக்கு. வாயைத் திறவுங்கோ.” கோயிலுக்குப் போய் வந்த யாரிடமோ வாங்கிய சர்க்கரைப் பொங்கல் அவர் கையில்.

“விரதம், ரீச்சர்.”

“இது அம்மாளின்ர பிரசாதம். அவ தாறதை வேண்டாமெண்டு சொல்லப் போறியளோ?”

பின்னால் இருந்து ஒருவன் கத்தினான்: “எஞ்சின் சூடெண்டால் தண்ணியெல்லோ விடுறது? ரீச்சர் பொங்கல் விடுறா!” பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தபடி வாயைத் திறந்து பொங்கலை விழுங்கினேன். கால் மணித்தியாலத்தில் கண் தெளிந்தது. மிச்சப் பாதையைச் சைக்கிள் வேகத்தில் ஓட்டினேன்.

வீட்டில் சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்றில் இருந்து தாம்போதி தொடங்கும் இடம் வந்தாலே வேகத்தைக் குறைப்பேன். பொக்கற்றில் இனிப்பு வைத்துக்கொண்டு ஓட்டினேன். பாதை ஒன்றாகத் தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன், மற்றக் கண்ணை மூடிப் பார்ப்பேன். பின்னால் ஒரு குழந்தை அழுதாலும் நெஞ்சு திடுக்கிடும். அப்படி ஓட்டியது பெரிய பாவம். இன்று அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இந்த நேரம் பார்த்து எங்கள் பஸ் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். காலையில் முதலாவது பஸ் விட்டவர் கனடாவுக்குப் போய்விட்டாராம்.

“ஆவணியில இருந்து முதல் பஸ்ஸும் நீங்கள்தான் எடுக்கவேணும், அண்ணை. கடைசி பஸ்ஸும் உங்களோடதான். உங்களை விட்டா ஆர் இருக்கினம்?”

அந்தக் கடைசிக் கேள்வியில் நான் விழுந்துபோனேன். “ஓம்” என்று சொல்லிவிட்டேன். அவர் வெளிப் படலையைத் தாண்டும் முன்னமே மனைவி குசினிக்குள் இருந்து வந்தாள்.

“விடிய முதல் வெளிக்கிட்டுப் பொழுதுபட வாறதெண்டால் எப்ப சாப்பிடுறது?”

“அது நான் பார்ப்பன்.”

“இவ்வளவு நாளும் பார்த்த வடிவுதானே! சனத்துக்கு ஓம், சங்கத்துக்கு ஓம். உங்கட உடம்பு கேட்டால் மட்டும் பிறகு பாப்பம்.”

மாட்டேன் என்றால் பெயர் போய்விடும். ஓம் என்றால் ஒருநாள் அந்தச் சனத்தோடு கடலுக்குள் போவேன். இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

பன்னிரண்டாம் திருவிழா அன்று பஸ்ஸின் திறப்புச் சாவியைச் சிவபாதத்திடம் கொடுத்தேன். அவனும் எங்கள் பாதையில் ஓடுகிற சாரதிதான். எனக்கு ஈடாக மாட்டான் என்று தேத்தண்ணிக் கடையில் வைத்துப் பலமுறை நக்கல் அடித்திருக்கிறேன். படகு ஏறி நயினாதீவுக்குப் போனேன். நோயை மாற்று தாயே, இன்னும் பத்து வருடம் பஸ் ஓட்ட விடு என்று கேட்பதற்குத்தான் போனேன்.

நான் அர்ச்சனை செய்தால் பஸ் திறப்பைத் தட்டத்தில் வைத்து பஸ்ஸுக்குத்தான் செய்வேன். அல்லது பிள்ளைகளின் பெயருக்கு. அன்றைக்குத் திறப்பு இல்லை. பிள்ளைகளின் பெயர் வாயில் வரவில்லை.

“இண்டைக்கு ஆரின்ர பேருக்கு?” என்றார் ஐயர்.

“என்ர பேருக்கு, ஐயா.”

“நட்சத்திரம்?”

எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் மூவரின் நட்சத்திரமும் தெரியும். பஸ்ஸின் இலக்கம் தூக்கத்திலும் சொல்வேன். என் நட்சத்திரம் தெரியவில்லை. வெளி வீதிக்கு வந்து மனைவிக்குப் போன் எடுத்தேன்.

“என்னப்பா, என்ர நட்சத்திரம் என்ன?”

“ஐயோ! என்ன நடந்தது? ஆஸ்பத்திரியிலையோ நிக்கிறியள்?”

“கோயில்லயடி. அர்ச்சனைக்கு.”

“சதயம்” என்றாள். “பொருத்தம் பார்த்த நாளில இருந்து எனக்குப் பாடம்.”

திரும்பப் போய் நின்றேன். ஐயர் என் பெயரையும் நட்சத்திரத்தையும் அம்மாளுக்கு முன்னால் சொன்னார். கேட்க வந்தது எல்லாம் மறந்துபோயிற்று. “அம்மா, எனக்குப் பயமாக் கிடக்கு. என்னால ஏலாது” என்றுதான் வாயில் வந்தது. அறுபத்தாறு வயதில், சனத்துக்கு நடுவில் நின்று அழுதேன். அழுது முடிய நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதை உணர்ந்தேன். நோயை மாற்றித் தா என்று கேட்க வந்தேன். அம்மாள் நோயை மாற்றவில்லை. ஏலாது என்று சொல்லும் வாயைத் தந்தா. நேரே அன்னதான மண்டபத்துக்குப் போய், மத்தியானமே வாழையிலைக்கு முன் இருந்தேன். விரதத்தை அங்கேயே முடித்தேன். அம்மாளின் சோறுதானே.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். எழும்பித் தாம்போதியில் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். “முதல் பஸ்ஸும் ஏலாது, கடைசி பஸ்ஸும் ஏலாது. இனி நான் ஸ்ரியறிங் பிடிக்கமாட்டன்.”

“அப்ப நெடுந்தீவுச் சனம் துறையில கிடந்து காயிறதோ?” என்று ஒருவர் கேட்டார். அது கத்தியால் குத்தியது போல இருந்தது. பொறுங்கோ, நானே எடுக்கிறன் என்று சொல்ல நா உன்னியது. அம்மாளை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு நிமிடம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமான நிமிடம்.

பின் கதிரையில் இருந்து சிவபாதம் எழும்பினான். “கடைசி பஸ்ஸை நான் எடுக்கிறன். எப்பவோ கேட்டிருப்பன். இவர் தரமாட்டார், மேலால நக்கலும் அடிப்பார் எண்டுதான் கேக்கேல்லை.”

“படகு பிந்தினால்?” என்றேன்.

“நிப்பன், அண்ணை. கடல் என்ன உங்களுக்கு மட்டும் சொந்தமோ?”

எல்லோரும் சிரித்தார்கள். முதல் பஸ்ஸுக்கு வேலணைப் பக்கத்துச் சாரதி ஒருவரைத் தலைவர் பிடித்தார். நான் இல்லாவிட்டால் பாதையே நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். ஒரு நாளும் நிற்கவில்லை.

இப்போது பஸ் என்னுடையது, ஓட்டுவது சிவபாதம். காலையில் எஞ்சின், சில்லு எல்லாம் நான் பார்த்துக் கொடுக்கிறேன். அதில் இன்றைக்கும் என்னை வெல்ல ஆளில்லை. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. கிளினிக்கில் டொக்டர் சீனி அளவு எழுதின கொப்பியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுகிறார். பின்னேரம் காற்றுக் கூடினால், படகு பிந்துமே என்று இப்பவும் நெஞ்சு பதறும். அம்மாளின் பெயரைச் சொல்லிக்கொண்டு முற்றத்திலேயே இருப்பேன்.

போன கிழமை கடையில் ஒருவன் சீண்டினான். “என்ன அண்ணை, தாம்போதிச் சிங்கம் பயந்து படுத்திட்டுதாம்?”

“ஓம் தம்பி, பயந்தது. அதாலதான் நீ இண்டைக்கும் கரையில இருந்து தேத்தண்ணி குடிக்கிறாய்” என்றேன்.

அடியார்களே, உங்களிலும் என்னைப் போல ஆட்கள் இருப்பீர்கள். உங்களை விட்டால் ஆளில்லை என்ற சொல்லுக்காக உடம்பில் உள்ளதை ஒளித்துக்கொண்டு வேலைக்குப் போவீர்கள். ஒருநாள் அம்மாளிடம் போங்கள். மற்றவர்களுக்காகக் கேட்பதை அடுத்த நாளைக்கு வையுங்கள். பயத்தை உள்ளபடி சொல்லுங்கள். அவ கோபிக்கமாட்டா. என்னைக் கோபிக்கவில்லை.