ஜுருவின் சேற்றுக்கரை

இன்று காலை ஜார்ஜ்டவுனிலிருந்து பறவை பார்க்கப் போன சரணாலயத்தில் கால் வைத்ததுமே, கடல் வற்றிய சேற்றின் வாடை மூக்கில் ஏறி, சின்ன வயதில் ஜுருவில் அப்பாவோடு பறவை பார்த்த கரைக்கு என்னை இழுத்துப் போய்விட்டது. பங்குனி மாதத்தில், நைட் ஷிஃப்ட் முடிந்த அப்பா ஃபேக்டரிச் சட்டையோடே என்னை மோட்டாரில் பின்னால் ஏற்றிக்கொள்வார். நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோரமே தின்று முடித்துவிட வேண்டும். காகிதம் சரசரத்தால் மீன்கொத்தி பறந்துவிடுமாம். "நாம கூப்புடக் கூடாதும்மா, அதுக்கு வேலை இருக்கு. வந்தா பாப்போம், வரலன்னா வீட்டுக்குப் போவோம் லா," என்பார். எத்தனையோ நாள் வெறும் சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம். அந்தக் கரையை மண் கொட்டி மூடி, இப்போது கார் விற்கிறார்கள்.

தொலையட்டும். மிச்சமிருக்கும் இடத்திலாவது சும்மா இருக்கக் கூடாதா? "ரெண்டு நிமிஷம்க்கா, நான் வர வெக்கிறேன்," என்று இன்று எங்கள் குழுவை அழைத்துப் போன வழிகாட்டி தன் கைப்பேசியில் மீன்கொத்தியின் குரலைச் சத்தமாகப் போட்டார். மீன்கொத்தி வந்தது. தன் இடத்தில் வேறொன்று புகுந்துவிட்டதென்று பதறி, குஞ்சுக்குக் கவ்வி வந்த நண்டையும் போட்டுவிட்டு, கத்திக்கொண்டே எங்கள் தலைக்கு மேல் சுற்றியது.

"அத நிறுத்துங்க தம்பி!" என்று கத்தினேன்.

கேமராக்களை இறக்காமலே கூட வந்த எல்லாரும் என்னை அதட்டினார்கள்: "உஷ்! சத்தம் போடாதீங்க, பறவை பயந்துடும்."