ஐந்து கிலோவுக்குக் கீழே

மே 6, திங்கள்: 34 கிலோ.
மே 7: 25 கிலோ 300.
மே 8: 18 கிலோ 600.
மே 9: 14 கிலோ 200.
மே 10, வெள்ளி: 12 கிலோ 800.

எங்கள் ஆலை உணவுக்கூடத்தில் அந்த வாரம் மிச்சமான உணவின் எடை இது. தினமும் வாளியைத் தராசில் வைத்து எழுதியவன் நான், ஸ்டோர் கீப்பர். சமைத்தவரை எல்லோரும் கரண்டி என்பார்கள். இருபத்தெட்டு வருடம் அதே அடுப்படியில் நின்றவர்.

புது நிர்வாகம் எண்ணெய்ச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பழம் சேர்த்த கோழி சாலட் போடச் சொன்னது. வெள்ளிக்குள் மிச்சம் ஐந்து கிலோவுக்குக் கீழே வராவிட்டால் அடுப்படியை மூடிவிடுவார்களாம்.

"அம்பத்தாறு வயசுல எவன்ணே எனக்கு வேலை குடுப்பான்?" என்றார் கரண்டி.

திங்களன்று, குழம்பு வைக்கும் பழக்கத்தில், காலை ஏழு மணிக்கே எல்லாவற்றையும் அண்டாவில் கொட்டி உப்புப் போட்டுக் கிளறிவிட்டார். பழம் தண்ணீர் விட்டது. பன்னிரண்டரைக்குக் கோழி நீந்திக்கொண்டிருந்தது.

"என்ன மாமா, கோழிக்குச் சளியா? இப்படி ஒழுகுது!" என்றான் லேத்து மெஷின் ஓட்டும் லேத்துக்காரன்.

"மொதல்ல உன் மூக்கத் தொடைடா," என்றார் கரண்டி.

சிரித்தார்கள். பாதிப்பேர் சாப்பிடவில்லை.

மறுநாள் முதல் கோழியை வேகவைத்து, ஆறவிட்டு, நார்நாராகப் பிய்த்துத் தனியே வைத்தார். அன்னாசியும் முலாம்பழமும் தனியே. தட்டு நீளும்போதுதான் கெட்டித்தயிர், எலுமிச்சை, மிளகுத்தூள் சேர்த்துக் கலந்தார். வரிசை நீண்டது. எடை குறைந்தது, ஆனால் போதவில்லை. வியாழனன்று அவர் தராசருகே வந்து நின்றார்.

"அண்ணே, தராசுல ஏதும் கோளாறா?"

"இல்லப்பா. நேத்துதான் படிக்கல் வச்சுப் பார்த்தேன்."

"அப்போ சாப்பிடுறவனெல்லாம் பொய்யா சாப்பிடுறானா?"

வெள்ளியன்று லேத்துக்காரன் மூன்றாம் முறை வாங்கினான். அண்டா காலி. மூன்று மணிக்கு எடையைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகுதான் வாளிக்குள் குனிந்து பார்த்தேன். அன்னாசித் தோல், முலாம்பழத் தோல், எலும்பு. உணவு ஒரு கைப்பிடிகூட இல்லை. முன்பெல்லாம் காய்கறி நறுக்கியே வரும்; வாளியில் விழுவதெல்லாம் மிச்சம்தான். அதே நினைப்பில் ஐந்து நாளும் எழுதியிருக்கிறேன்.

சொன்னேன். கரண்டி வாளியை இழுத்து, குனிந்து உள்ளே பார்த்தார்.

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு, நான் வாளிய எட்டிக்கூடப் பார்க்கலண்ணே."

தோலைத் தனியே நிறுத்து எழுதி, பிழை என்னுடையது என்று மூன்று கடிதம் போட்டேன். முதலிரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதுக்கு, அடுப்படியை மூடும் உத்தரவில் மாற்றமில்லை என்ற பதில் வந்தது மே 29, புதன்கிழமை.