அஞ்சலட்டைக்கு ஒரு வரி

மகள் தான் வரைந்த அஞ்சலட்டைக்குத் தமிழில் ஒரு வரி எழுதித் தரச் சொன்னாள். அதை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

ஜொகூர் பாருவில் நடக்கவிருந்த ஓவியக் கண்காட்சிக்காக வரைந்தது. கடலுக்கு அப்பால், சுமத்ராவின் வடகோடியில், சில நூறு ஆண்டுகளுக்கு முன் போர்க்கப்பல்களை நடத்திச் சென்ற பெண் தளபதியின் படம். கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்களில் ஒருத்தி என்கிறார்கள். கப்பலின் முன்முனையில் நிற்கிறாள். தலைத்துணி காற்றில் பறக்கிறது. ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்கிறது. கயிறு உள்ளங்கையில் அழுந்தும் இடத்தைக்கூட மகள் விடவில்லை. கீழே மலாயில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழுக்கு விட்ட இடம் காலியாக இருந்தது.

"நீங்கதானே தமிழ் வாத்தியார். சின்னதா எழுதிக் குடுங்கப்பா. பாடப்புத்தகம் மாதிரி வேணாம் லா," என்றாள்.

ஓய்வு பெறும்வரை தமிழ் கற்பித்தவன் நான். ஒரு வரி பெரிய காரியமல்ல. என் கையைத் தடுத்தது, பல வருடங்களுக்கு முன் நானே சொன்ன வேறொரு வரி.

பள்ளி முடித்த வயதில் என் மகளுக்குக் கடற்பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்போது உயிரோடிருந்த என் மனைவி, "போகட்டுமே, புள்ள ஆசைப்படுது," என்றாள். ஜொகூர் பாருவுக்கு அருகே, செனாயில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கத் தீபாவளிக்கு வந்த உறவினர்கள். எல்லோர் முன்பும் நான் சொன்னேன்: "பொம்பளப் புள்ள கப்பலேறினா, நம்ம மானமும் சேர்ந்து கப்பலேறிடும்."

கூடமே சிரித்தது. "வாத்தியார் வாத்தியார்தான்யா! என்னமா சிலேடை போடுறாரு!" என்று மைத்துனர் தொடையைத் தட்டினார். நானும் சிரித்தேன். முறுக்குத் தட்டோடு நின்ற மகள் அதைக் கீழே வைத்துவிட்டு ஓடவில்லை. ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டே வந்தாள். என்னிடமும் நீட்டினாள். நான் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

பயம், ஊர்ப்பேச்சு என்று இப்போது காரணங்கள் சொல்லலாம். உண்மை வேறு. அந்த வாக்கியம் அழகாக வந்துவிட்டது. எல்லோரும் மெச்சிய பிறகு அதைத் திரும்பப் பெற எனக்கு மனம் வரவில்லை.

அதன்பின் அவள் கப்பலைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. முதலில் செனாயில் தொழிற்சாலை வேலை, பிறகு சிங்கப்பூரில் ஒரு சரக்கு நிறுவனத்தின் அலுவலகம். விடுமுறை நாட்களில் வரைவாள்.

அட்டையைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு யோசனை வந்தது. அதே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் பரிகாரமாகும் என்று நினைத்தேன். 'இவள் கப்பலேறினாள், இவளோடு ஒரு நாட்டின் மானமும் கப்பலேறியது' என்று ஒரு தாளில் எழுதி, அட்டையோடு கொடுத்தேன்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் நின்றபடியே படித்தாள்.

"அப்பா, மானம் கப்பலேறிச்சுன்னா அசிங்கப்பட்டாங்கன்னுதான் படிப்பாங்க."

"தெரியும்மா. அதையே நல்ல அர்த்தத்துல..."

"அதுக்கு நல்ல அர்த்தம் கிடையாதுப்பா." குரலில் கோபம் இல்லை. "எனக்குச் சொன்னீங்கள்ல, அதோட போதும். அவங்களுக்கும் வேணாம்."

பென்சிலால் பின்பாதியை அடித்தாள். 'இவள் கப்பலேறினாள்' என்பது மட்டும் மிஞ்சியது.

"இது நல்லாருக்கு. இதையே போட்டுக்கிறேன்."

"அன்னிக்கு நான் அப்படி..." என்று தொடங்கினேன்.

"லேட்டாச்சுப்பா. காஸ்வேல ஜாம் ஆயிடும்."

அட்டையையும் தாளையும் உறையில் வைத்துக்கொண்டு வெளியேறினாள். சிங்கப்பூருக்குக் கடலின் மேல் போகும் அந்தச் சாலை வழியாக, தினமும் அவள் கடலைத் தாண்டத்தான் செய்கிறாள். பேருந்தில், பெரும்பாலும் நின்றுகொண்டே.